மக்கள் பாடகர் பாவலர் வரதராசனார்

கல்விப் பணிக்கென அமைந்த கழகம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் மேடைப் பாடகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுவது ஏன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை கூறுமுன், எம் கழகத்தார் செய்த பிழை ஒன்றை ஈண்டு ஒப்புக்கொள்ளல் கடன்.

சில ஆண்டுகட்கு முன், ஆண்டு விழாவிற்கான ஒத்திகை நடைபெற்றது. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தன் பாட்டியிடம் கற்ற பாடலைப் பாடத் தொடங்கினாள். மெல்ல இழுத்துப் பாடும் பாட்டு அது. இரண்டு அடிகள் முடியுமுன்னரே, இழவு வீட்டு மெட்டு விழா மேடைக்கு ஆகாது என்று கூறி விழாக் குழுவினராகிய நாமே இடைமறித்தோம். சிறுமி தலை கவிழ்ந்து சென்றாள். அடுத்த ஆண்டு அவள் மீண்டும் வந்தாள். தோழியர் நால்வர் கைதட்ட, விரைந்த நடையில், பள்ளிக்குச் செல்லும் பெண் பிள்ளைகளைப் பற்றிய பாட்டொன்றைப் பாடினாள். அவையோர் மகிழ்ந்து ஆரவாரித்தனர், நாமும் கைதட்டினோம். விழா முடிந்த பின்னரே, முன்னாண்டு நாம் தடுத்த மெட்டுத்தான் இது என்று அவள் கூற அறிந்தோம்.

மெட்டு மாறவில்லை. காலமும் நடையும் சொல்லும் மாறின. இழிவென்று நாம் ஒதுக்கியதே பெருமையாயிற்று. இது எவ்வாறு நிகழ்ந்தது என்று சிந்தித்த போது, இந்த மலையடிவாரத்தில் பிறந்து, இந்த வித்தையையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்த பெருமகனார் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரே பாவலர் வரதராசனார்.

பிறந்த மண்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரைக் காண்பர். முன்னாளில் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைத்தொடர். அதற்கு அப்பால் ஏலமும் தேயிலையும் விளையும் கேரளத்து மலைநாடு. போடிமெட்டு வழியாக மேலேறும் சாலை பூப்பாறை, தேவிகுளம் கடந்து மூணாறு சென்று சேர்கிறது. மூணாற்றுத் தேயிலை முற்காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை சிறு இரயிலிலும், அங்கிருந்து கொட்டகுடி வரை கம்பிவழியாகவும் இறங்கிப் போடிக்கு வந்ததுண்டு. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப் பாதை வந்தது.

பொருள்கள் மலையிலிருந்து கீழே இறங்கின. மனிதர்கள் கீழேயிருந்து மலைக்கு ஏறினர். நம் மக்களே அம்மனிதர்கள். கங்காணியின் பேரேட்டில் பெயர் பதிந்து, குளிரிலும் அட்டைக் கடியிலும் உழைத்து, லயம் என்று வழங்கும் வரிசை வீடுகளில் உறங்கினர். இன்றும் வைகறையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் காண்கிறோம்.

வரதராசனாரின் தந்தையார் இராமசாமி என்பவர். தோட்டத்தில் கங்காணியாகப் பணியாற்றியவர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த குடும்பம். பாஸ்கர், பிற்காலத்தில் இளையராஜா என்று உலகறியப் போகும் இராசையா, பின்னர் கங்கை அமரன் எனப் பெயர் பெற்ற அமர்சிங் ஆகியோர் வரதராசனாரின் இளைய சகோதரர்கள். இளையவர்களின் அன்னையார் சின்னத்தாயம்மாள் நாட்டுப்பாடல்கள் பலவற்றை அறிந்தவர். அவ்வம்மையாரின் தாலாட்டும் தெம்மாங்கும் அவ்வீட்டின் முதற் பள்ளிக்கூடம் எனின் மிகையாகாது.

பாட்டும் வேலையும்

பாவலரின் பணியை உணர வேண்டுமாயின், நம் மக்களின் பாட்டுகள் எவ்வாறு இயங்கின என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். ஒரு பாடலில் மெட்டு வேறு, காலம் வேறு, நடை வேறு. சுரங்கள் ஏறி இறங்கும் ஒழுங்கு மெட்டு. அது எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பது காலம். அதன் அடிகள் மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ பிரிந்து நடப்பது நடை. இவற்றோடு எந்தக் கருவி எங்கே ஒலிக்கிறது, எங்கே ஓய்கிறது, எவர் பின்பாட்டுப் பாடுகிறார் என்பதையும் சேர்த்தால் பாட்டின் முழு உருவம் கிடைக்கும். ஒரே ஏலக்காய் பாயசத்தில் இட்டால் மணமாகவும், கஷாயத்தில் இட்டால் மருந்தாகவும் ஆவது போல, ஒரே மெட்டு சேர்க்கையால் வேறாகிறது.

நாட்டுப்பாடலின் காலத்தைப் பாடுவோர் தம் விருப்பப்படி வகுத்ததில்லை. தொட்டில் ஆடும் அளவே தாலாட்டின் அளவு. நாற்றை ஊன்றும் கை எவ்வளவு விரைகிறதோ அவ்வளவே நடவுப் பாட்டும் விரையும். உலக்கை விழும் இடைவெளியே இடிபாட்டின் தாளம். ஒப்பாரிக்கோ தாளக்கட்டே இல்லை. துயரத்தின் மூச்சு எதுவரை நீள்கிறதோ அதுவரை அடி நீளும். பாட்டின் காலத்தை வேலையும் துயரமுமே வகுத்தன. அந்த வேலையின் விரைவை வகுத்தவரோ பாடியவர் அல்லர். கரையில் நின்று மேற்பார்த்தவரே.

இசையில் லயம் என்றால் காலத்தின் ஒழுங்கு. தோட்டத்தில் லயம் என்றால் கூலிகள் அடைபட்டுக் கிடந்த வரிசை வீடு. இரண்டும் வெவ்வேறு மொழியிலிருந்து வந்த சொற்களேயாயினும், இரண்டையும் நம் மக்கள் தம் விருப்பப்படி அமைத்துக் கொண்டதில்லை என்பது ஒற்றுமை. அந்நிலையில், பாட்டின் காலத்தை உழைப்பவனே தேர்ந்து கொள்ளலாம் என்று மேடையேறிக் காட்டியவர் பாவலர்.

மேடை ஏறியமை

வரதராசனார் பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டு, அதன் மேடைகளில் பாடகராக விளங்கினார். தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, ஆர்மோனியத்துடன் பாடும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அதனாலேயே பாவலர் என்னும் அடைமொழி இயற்பெயரினும் மிகுதியாக வழங்கலாயிற்று.

இப்பணிக்கு இந்த மண்ணில் முன்னோர் இருந்தனர். சுதந்திரப் போராட்ட நாள்களில் நாடக மேடைப் பாடகர் விசுவநாததாசு அவர்கள், புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாடல்களைப் புகுத்திப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940இல் மேடையிலேயே உயிர் நீத்தார். அவர் மருத்துவர் குலத்தவர். உயர்ந்த சபைகளில் இடம் பெறாதார் நாடகக் கொட்டகையையும் தெருவையுமே சபையாக்கினர். பாவலரும் அவ்வழி வந்தவரே.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்த போது, தமிழ்த் தொழிலாளர் பெருகி வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு இணைந்தன. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் கேரளச் சட்டமன்றத்தின் 126 இடங்களில் 60 இடங்களைப் பெற்ற பொதுவுடைமைக் கட்சி, சுயேச்சைகள் ஐவரின் துணையுடன் ஆட்சி அமைத்தது. இ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசு அவர்களின் தேர்தல் செல்லாதென நீதிமன்றம் தீர்ப்பளித்தமையால், 1958இல் அங்கே இடைத்தேர்தல் நடைபெற்றது. நூலிழையில் நின்ற ஆட்சிக்கு அந்த ஓரிடமும் இன்றியமையாததாயிற்று.

அத்தேர்தலில் தமிழ்த் தொழிலாளரிடையே பாடுவதற்குப் பாவலர் மலையேறினார். லயம் லயமாகப் பாட்டு சென்றது. நீண்ட சொற்பொழிவைக் கேட்கும் பொழுதோ வலிமையோ, நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய பெண்களுக்கு இல்லை. ஆயினும் பாட்டென்றால் குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறே வந்து நிற்பர். ரோசம்மா புன்னூசு அவ்விடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்று இப்பகுதியார் இன்றும் பெருமையுடன் பேசுவர்.

மெட்டு அதுவே, பொருள் வேறு

பாவலரின் மேடையில் இருவகை மெட்டுகள் வழங்கின. ஒன்று, வயலிலும் தொட்டிலிலும் பிறந்த நாட்டு மெட்டு. மற்றொன்று, அந்நாளில் எல்லோர் வாயிலும் இருந்த திரைப்பட மெட்டு. திரைப்பட மெட்டுக்கு வேறு சொல் எழுதிப் பாடுவதைக் கற்பனை வறட்சி என்று எள்ளுவோர் உண்டு. அது ஆழ்ந்து நோக்காதார் கூற்று.

கேட்போருக்கு மெட்டு முன்னரே மனப்பாடம். ஆகவே மெட்டைப் பின்தொடரும் முயற்சி அவர்கட்கு வேண்டா. கருத்து முழுவதும் புதிய சொல்லிலேயே சென்று பதியும். மேலும், காதலன் காதலியைக் கொஞ்சிய இடத்தில் கூலி உயர்வும் அரிசி விலையும் வந்து அமர்ந்தால் நகை பிறக்கும். அந்த நகைப்பில் அச்சம் கழன்று விழும். துரையைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டவன், பாட்டில் வரும் துரையைக் கேட்டுச் சிரித்துவிட்டால், மறுநாள் அவன் நிற்கும் நிலையே சற்று மாறும்.

இசையமைப்பும் மாறியாக வேண்டும். திரைப்படத்தில் வயலின்கள் பலவும் குழலும் சூழ்ந்து ஒலித்த பாட்டு, பொதுக்கூட்ட மேடையில் ஓர் ஆர்மோனியம், ஒரு தாளக்கருவி, இரண்டு மூன்று குரல் என்று சுருங்குகிறது. கூம்பு ஒலிபெருக்கியில் நுண்ணிய சங்கதிகள் கேளா; சொல்லின் எழுத்து சிதையாமல் கேட்க வேண்டும். ஆகையால் மிக விரைந்த பாட்டைச் சற்றுத் தாழ்த்தியும், மிக மெதுவான பாட்டைச் சற்று முடுக்கியும் நடுக்காலத்திற்குக் கொணர்தல் மேடைப் பாடகரின் வழக்கம். பல்லவி முடிந்ததும் ஆர்மோனியம் தனித்து ஒலிக்கும் இடைவெளி, கூட்டத்தார் சிரிக்கவும் கைதட்டவும் விட்ட இடமாகும். தாலாட்டு மெட்டுக்கு மூன்றன் நடையை நீக்கி நான்கன் நடையை அமைத்தால், தொட்டில் நின்று ஊர்வலம் தொடங்கிவிடும். ஒப்பாரியின் இழுப்பைக் குறுக்கி, அடியீற்றைப் பலர் கூடித் திருப்பிப் பாடினால், புலம்பல் கோரிக்கையாகிவிடும்.

கடல் கடந்த சான்று

இவ்வுண்மை நம் மலைக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டில் 1879இல் பிறந்து அமெரிக்காவில் கூலியாக அலைந்த ஜோ ஹில் என்னும் தொழிலாளர் பாடகர், தேவாலயத் துதிப்பாடல்களின் மெட்டுகளுக்கு வேலைநிறுத்தச் சொற்களை எழுதிப் பாடினார். 1915இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் பாட்டுகள் எஞ்சி நின்றன.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு இன்னும் நெருங்கிய சான்று. தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில் 1945, 1946ஆம் ஆண்டுகளில் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கைதட்டி விரைவாகப் பாடும் வழக்கமுடைய பழைய பக்திப் பாடல் ஒன்றை, லூசில் சிம்மன்சு என்னும் தொழிலாளிப் பெண், மறியல் இடத்தில் மிக மெதுவாக நீட்டிப் பாடினார். அம்மெதுவில் ஓர் அசைக்க முடியாத உறுதி பிறந்தது. அப்பாட்டே பின்னர் டென்னசியின் ஹைலாண்டர் பள்ளி வழியாகப் பரவி, 1960க்குப் பின் குடியுரிமை இயக்கத்தின் பெரும்பாடலாகி, நாம் வெல்வோம் என்னும் பொருளில் உலக மொழிகள் பலவற்றிலும் இன்று ஒலிக்கிறது. அங்கே காலத்தைத் தாழ்த்தியமையால் வலிமை வந்தது. எம் சிறுமியின் பாட்டில் காலத்தை உயர்த்தியமையால் வலிமை வந்தது. விரைவு உயர்வென்றோ மெதுவு தாழ்வென்றோ விதி இல்லை. தேர்ந்தெடுப்பவர் எவர் என்பதே வினா.

அம்மக்களின் ஆன்ம இசை என்று பொருள்படும் சோல் இசையிலும் இதனைக் காணலாம். மரியாதை என்பதையே தலைப்பாகக் கொண்ட பாட்டொன்றை ஓடிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடினார். உழைத்து வீடு திரும்பும் ஆடவன் தன் மனைவியிடம் வேண்டும் பாட்டு அது. 1967இல் அரேதா பிராங்க்ளின் அம்மையார் அதனை எடுத்து, தாளத்தை மாற்றி, தம் சகோதரியரைப் பின்பாட்டுப் பாடவைத்து, தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உரக்கச் சொல்லிப் பாடினார். ஆடவனின் வேண்டுகோள் பெண்ணின் உரிமைக் குரலாயிற்று. ஓர் இனத்தின் குரலுமாயிற்று. நாட்டாலும் மொழியாலும் வேறுபட்ட மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டமை வியப்புக்குரியது.

தம்பியரும் ஆர்மோனியமும்

மீண்டும் பண்ணைப்புரத்திற்கு வருவோம். இராசையா ஏறத்தாழ 14 வயதில் தமையனாரின் குழுவில் சேர்ந்தார். பாவலர் சகோதரர்கள் என்னும் பெயரில் இக்குழு ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் தென்னாடெங்கும் சுற்றியது. பெண் பாடகர் இல்லாக் குறையைத் தொடக்கத்தில் இராசையாவின் இளங்குரலே தீர்த்தது. அவர் குரல் உடைந்த பின்னர் அவ்விடத்திற்கு அமர்சிங் வந்தார். அண்ணனின் ஆர்மோனியத்தைத் தம்பியர் தொடுதல் கூடாதென்பது வீட்டுச் சட்டம். மறைந்து தொட்டு வாசித்து அடி வாங்கியதையும், அவ்வாறே பயின்றதையும் இளையராஜா அவர்களே பிற்காலத்தில் மேடைகளில் நினைவு கூர்ந்துள்ளார்.

தேனி அல்லிநகரத்து இளைஞர் பாரதிராஜாவும் இச்சகோதரர்களின் நண்பரானார். அவர்தம் நாடகங்களுக்கு இவர்கள் இசையமைத்தனர். 1964இல் பிரதமர் நேரு மறைந்த போது கவிஞர் கண்ணதாசன் எழுதிய இரங்கற் கவிதைக்கு இராசையா மெட்டமைத்தார். அதுவே அவர் இசையமைத்த முதற் பாட்டு என்பர். ஒரு தலைவரின் மறைவுக்கு எழுதிய கவிதை, ஊர் ஊராகப் பாடும் சிறு குழுவின் கையில் பாட்டாயிற்று.

1968 அளவில் தம்பியர் சென்னை சென்றனர். இராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். பாவலர் மக்கள் மேடையை விட்டு அகலவில்லை. தம்பியர் திரையுலகில் பெயர் பெறுவதைக் கண்ணாற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1973ஆம் ஆண்டு அப்பெருமகனார் மறைந்தார்.

மறைவுக்குப் பின்

மூன்றாண்டுகள் கழித்து, 1976இல், அன்னக்கிளி வெளிவந்தது. நாற்றங்காலின் மெட்டு கிட்டாருடனும் வயலின்களுடனும் தமிழகமெங்கும் ஒலித்தது. புதுமை என்று நாடு வியந்தது. எளிய மெட்டை எடுத்து, அதன் சூழலை மாற்றி, புதுப்பொருள் தரச் செய்யும் அவ்வித்தையை அத்தம்பி தமையனாரின் மேடையில் பத்தாண்டுகள் நாள்தோறும் கண்டவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1985இல் வெளிவந்த சிந்து பைரவியில், நாட்டுப்பாடலாகத் தொடங்கும் பாட்டொன்று தியாகராசரின் கீர்த்தனையில் சென்று முடிகிறது. அக்கீர்த்தனை வழக்கமாகப் பாடப்பெறும் காம்போதியை விடுத்துச் சாரமதி இராகத்தில் அது அமைந்தது. தெருவுக்கும் சபைக்கும் இடையிலிருந்த சுவர் அப்பாட்டில் சில நிமிடங்கள் இல்லாமற் போயிற்று. அப்பாட்டைப் பாடிய சித்ரா அவர்களும், இசையமைத்த இளையராஜா அவர்களும் தேசிய விருது பெற்றனர். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. பாவலரின் பெயரோ, பாவலர் கிரியேஷன்ஸ் என்னும் பட நிறுவனத்தின் பெயராகத் திரையில் ஒளிர்ந்தது. 1981இல் வந்த அலைகள் ஓய்வதில்லை அந்நிறுவனத்தின் படமே.

புகழ் தம்பியரைச் சேர்ந்தது பற்றி நமக்கு மகிழ்ச்சியே. ஆயின், இயக்க மேடைகளில் ஒலித்த பாட்டுகள் பெரும்பாலும் காற்றோடு போயின என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. சொல்லை ஏட்டில் எழுதி வைக்கலாம். எங்கே நிறுத்தினார், எங்கே விரைந்தார், எந்த அடியில் கூட்டம் சிரித்தது என்பதை ஏடு காட்டாது.

நம் கடன்

பறையை எண்ணிப் பாருங்கள். பிறர் வீட்டுச் சாவுக்குக் கட்டாயமாக அடிக்க வேண்டியிருந்த வரை அது நம்மவர்க்குச் சுமை. அடிக்க மறுத்து அதனை எரித்த ஊர்களும் உண்டு, அச்சினம் நியாயமானதே. பின்னர் அதே தோலும் அதே குச்சியும், தாமே விரும்பி ஏந்தியவர் கையில் விடுதலைக் கருவியாயின. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதனை ஏந்தி ஆடினர். 2025இல் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப் பெற்றது. அடி மாறவில்லை, அடிப்பவன் எவர் ஏவலால் அடிக்கிறான் என்பது மாறிற்று.

ஆகவே, எம் கழகத்தின் மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டி இருப்பின், இன்றிரவே அவர் அருகில் அமர்ந்து ஒரு பாட்டேனும் கேளுங்கள். சொல்லை எழுதிக் கொள்ளுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். எந்த வேலையின் போது பாடினார், எவ்வளவு மெதுவாகப் பாடினார் என்பதையும் குறித்து வையுங்கள். பின்னர் அதனை நீங்கள் விரும்பும் காலத்தில், விரும்பும் நடையில் பாடுங்கள். இரண்டும் வேண்டும். பழைய நடையை அறியாமல் புதிய நடையில் பாடுவோர் தாம் எதை மாற்றினோம் என்பதையே அறியார்.

முதலாண்டு அச்சிறுமியை இடைமறித்தமைக்காக எம் விழாக் குழுவினர் அவளிடம் வருத்தம் தெரிவித்தனர். இவ்வெள்ளி விழாவில் அவள் இருமுறை பாட இசைந்துள்ளாள்: முதலில் பாட்டியின் நடையில், பின்னர் தன் நடையில். பாவலர் வரதராசனாரின் நினைவுக்கு இதனினும் தகுந்த மலர் எம்மிடம் இல்லை.